வெள்ளிக்கிழமை நிலவரப்படி

ஆட்டத்தில் ஜெயித்தால் அணியின் விலை ஏறும் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் ஏறாது. உங்கள் நான்காவது கேள்விக்கு வருவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். வரித்துறையில் இத்தனை வருடம் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ரெக்கார்டர் ஓடுகிறது. பிறகு கேட்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

டொலீடோ கிளேசியர்ஸ் பதினொரு சீசனில் ஒன்பது சீசன் மண்ணைக் கவ்விய கால்பந்து அணி. விலை மட்டும் வருடா வருடம் ஏறிக்கொண்டே போனது. காரணம் எளிது. லீக்கில் முப்பத்திரண்டு அணிகள். டிவிக்காரர்கள் கொடுக்கும் பணம் முப்பத்திரண்டு சம பங்காகப் பிரியும். கோப்பையைத் தூக்கியவனுக்கும் அதே பங்கு, கடைசி இடத்தில் வந்தவனுக்கும் அதே பங்கு. அதோடு டிக்கெட், பணக்காரர்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் கண்ணாடி அறைகளின் வாடகை, பீர், பார்க்கிங் எல்லாவற்றையும் கூட்டினால் வருமானம். லாபத்தை யாரும் பார்ப்பதில்லை. வருமானத்தை ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். கடைசியாக ஓர் அணி கைமாறியபோது ஒரு பெரும் பணக்காரன் அதன் வருமானத்தைப் போல எத்தனை மடங்கு கொடுத்தான் என்பதுதான் அந்த எண். நான் எட்டு வருடம் செய்த வேலை இவ்வளவுதான்.

இன்னொன்றும் வேண்டும். நாள். எந்த விலையும் ஒரு நாளுக்கு உரியது. பங்கு வைத்திருப்பவர் இறந்தால் இறந்த நாளே மதிப்பீட்டு நாள். அன்று தெரிந்திருந்தவை மட்டும் கணக்கில் வரும். மறுநாள் காலையில் வெளியே வந்தது வராது.

என் மனைவி டனூட்டா ரடெட்ஸ்கி மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு இறந்தாள். வயது முப்பத்து மூன்று. அடுத்த செவ்வாய்க்கிழமை லீக் உரிமையாளர்கள் கூடி, புதிய டிவி ஒப்பந்தத்தை ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள். நடுவில் நான்கு நாள். உங்கள் சந்தேகம் அந்த நான்கு நாளில்தான் இருக்கிறது. சரியான இடத்தில்தான் இருக்கிறது.

அவளை நான் சந்தித்ததே ஒரு சாவுக்குப் பிறகுதான். அவளுடைய அப்பா இறந்திருந்தார். அணியை மதிப்பிட என் நிறுவனம் என்னை அனுப்பியது. ஒரு மாதம் அரங்கத்தின் அடித்தளத்தில் ஓர் அறையில் உட்கார்ந்து காகிதங்களைப் படித்தேன். ஒருநாள் அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்க இன்னும் ஒரு மேட்ச்கூடப் பாக்கலியாமே?"

"தேவைப்படல."

"எங்க தாத்தா கண்ணாடி ஃபேக்டரில சம்பாதிச்சது அத்தனையும் இதுல கொட்டுனாரு. நீங்க பார்க்கிங்ல எத்தன கார் நிக்கும்னு எண்ணிட்டு விலை சொல்லிட்டுப் போயிடுவீங்க. அப்படித்தானே?"

"ஏழாயிரத்து நானூறு."

"என்னது?"

"கார்."

அவள் சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை ஆட்டத்துக்கு இழுத்துப் போனாள். கிளேசியர்ஸ் தோற்றது. அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொண்டோம். எனக்கு அவள் டனி. என்னை அவள் கால்குலேட்டர் என்றுதான் கூப்பிடுவாள், கல்யாண விருந்தில்கூட.

ஒரு சின்ன விஷயம். உரிமையாளர்களின் அறையை கேமரா விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அணி அடி வாங்கும்போதெல்லாம் திரையில் அவள் முகம்தான். உதட்டசைவைப் படித்து இன்டர்நெட்டில் போட ஆட்கள் இருக்கிறார்கள். ஒருமுறை அவள் எதிரணிப் பயிற்சியாளரைத் திட்டியது ஊர் முழுக்கப் பரவி, லீக் அபராதம் போட்டது. அதன் பிறகு அந்த அறையில் நாங்கள் பேசுவதை விட்டுவிட்டோம். கம்பளிக்கு அடியில் கையைப் பிடித்துக்கொள்வோம். தோல்வி உறுதி என்று தெரிந்ததும் நான் அவள் பக்கம் திரும்பி, 'கிளம்பலாமா?' என்பதுபோல் புருவத்தை உயர்த்துவேன். அவள் விரலை ஒருமுறை அழுத்தினால் கிளம்பலாம். இரண்டு முறை அழுத்தினால், இரு, ஆட்டம் முடியவில்லை. பெரும்பாலும் இரண்டுதான். பனி கொட்டும், அரங்கம் காலியாகிவிடும், நாங்கள் மட்டும் உட்கார்ந்திருப்போம்.

அவள் கையில் முப்பத்து நான்கு சதவீதம் இருந்தது. மிச்சம் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளிடம் சிதறிக் கிடந்தது. அவர்களில் பாதிப் பேர் டொலீடோவை விட்டுப் போய் வருடக்கணக்காகிறது. லீக் விதிப்படி, ஒருவர் கையில் முப்பது சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அவர் அணியின் தலை. அந்த முப்பத்து நான்கு போனால் அணி போயிற்று. டெக்சாஸில் ஒருவர் அரங்கத்தைக் கட்டி வைத்துவிட்டு, அணிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டனிக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்புவார். அவள் அதை அப்படியே சமையற்கட்டு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவாள்.

பங்கு எனக்கு வராது. தாத்தாவின் உயில்படி அது ரத்தத்துக்கு மட்டும். டனிக்குப் பிறகு அவள் தம்பி ஸ்டாஷுக்கு. அவள் சாவில் எனக்கு ஒரு டாலர் கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நான்காவது கேள்வி: மதிப்பீட்டு நாளன்று, ஒப்பந்தத்தின் தொகை இறந்தவருக்கோ அவர் கணவருக்கோ தெரிந்திருந்ததா?

தெரிந்திருந்தது. டனி லீக்கின் ஒளிபரப்புக் குழுவில் இருந்தாள். ஒப்பந்த வரைவு எங்கள் சாப்பாட்டு மேசையில் பியரோகிக் கொழுக்கட்டைத் தட்டுக்கு அடியில் கிடந்தது. ஓர் ஓரத்தில் வெண்ணெய்க் கறைகூட உண்டு. பிப்ரவரிக் கடைசி அது. நான் படித்துவிட்டுக் காகிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பழைய ஒப்பந்தப்படி அணியின் விலை நானூற்று எண்பது கோடி டாலர். புதியதன்படி அறுநூற்று நாற்பது. எனக்குக் கணக்கு அங்கே நிற்காது. அவள் பங்குக்குச் சாவு வரி எவ்வளவு என்றும் பார்த்தேன். முதலாவதில் அறுபத்தைந்து கோடி. இரண்டாவதில் எண்பத்தேழு. வங்கி எழுபதுக்கு மேல் தராது.

"அப்போ எண்பத்தேழு வந்தா?" என்று கேட்டாள்.

"ஸ்டாஷால கட்ட முடியாது. பங்க வித்துத்தான் கட்டணும்."

"ஆரஞ்சுக்காரனுக்கா?"

"அவர்தான் ரெடியா நிக்கிறாரு."

அவள் முட்கரண்டியை என் பக்கம் நீட்டினாள். "அதுமட்டும் நடக்கக் கூடாது. பாத்துக்க. ஓட்டெடுப்பு என்னைக்கு, பதினெட்டா? அப்ப நான் சாகறதா இருந்தா அதுக்கு முன்னாடியே செத்துடறேன், போதுமா?"

"பதினேழு வசதியா இருக்கும்" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சாஸைத் தொட்டுக்கொண்டு சாப்பாட்டை முடித்தாள்.

பத்து நாள் கழித்துப் பாலத்தின் மேல் பனி உறைந்திருந்தது. அவள் காருக்கு எதிரே வந்த லாரி வழுக்கியது. லாரிக்காரன் மேல் தவறு இல்லை.

ஆறு நாள் அவள் கண் திறக்கவில்லை. மூச்சை இயந்திரம் பார்த்துக்கொண்டது. சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை எழுதி என் பெயரில்தான் வைத்திருந்தாள். ஓப்பல் என்று ஒரு நர்ஸ். வயதானவர். கிளேசியர்ஸ் சின்னம் போட்ட காலுறைதான் எப்போதும்.

"கையப் புடிச்சுக்கிட்டுப் பேசுங்க தம்பி. சும்மா சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்தா எப்படி?"

"கேக்குமா?"

"எங்க வீட்டுக்காரரு நாப்பது வருசமா உங்க டீமுக்குக் கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. அவருக்கே ஒருநாள் பலன் கிடைக்கும்னு நான் நம்புறேன். இவங்களுக்கா கேக்காது? பேசுங்க."

வியாழன் மதியம் அவர் சாப்பிடப் போனார். அரைமணி நேரம் நானும் டனியும் மட்டும் இருந்தோம். பேசினேன்.

வெள்ளி காலை பத்து மணிக்கு டாக்டர் பெல்லமி எங்களைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டார். நான், ஸ்டாஷ், அவர். மூளையின் படங்களைக் காட்டினார். நல்ல சேதி இல்லை என்றார். கெட்ட சேதி என்றும் முடிவாகச் சொல்ல முடியாது என்றார்.

"ஏதாவது ஒரு அசைவு இருந்தா நான் இன்னும் ரெண்டு வாரம் காத்திருக்கச் சொல்வேன். சின்னதா இருந்தாலும் பரவால்ல. நாங்க பாக்கல. நீங்கதான் அதிக நேரம் பக்கத்துல இருக்கீங்க. ஏதாவது பாத்தீங்களா?"

"இல்ல" என்றேன்.

ஸ்டாஷ் தொப்பியை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வயது, கதவு உயரம். "ஒரு வாரம் பாப்பமே லின்டன். ஒரே ஒரு வாரம். அவ எப்பவும் லேட்டுதானே. சர்ச்சுக்கே லேட்டா வந்தவ."

"அவ இப்படிக் கிடக்க ஆசப்பட மாட்டா, ஸ்டாஷ்."

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்."

அவன் என் தோளில் முகத்தை வைத்து அழுதான். "சரி. நீ சொன்னா சரி. நீதான் எல்லாத்தையும் யோசிக்கிறவன்."

திங்கள்வரை பொறுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பெரிய ஒப்பந்தங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் கசியும், சனிக்கிழமையே அது இன்டர்நெட்டில் வந்துவிடலாம். கசிந்துவிட்டால் ஊருக்கே தெரிந்தது ஆகிவிடும். அப்படித்தான் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் தொகை வந்தது. வெள்ளி என்பது அவசரம் இல்லை. வெள்ளிதான் கடைசி நாள்.

இயந்திரத்தை நிறுத்திய பிறகு அவள் தானாக நாற்பது நிமிடம் மூச்சுவிட்டாள். டாக்டர் எதிர்பார்த்தது பத்து. ஓப்பல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கொலம்பஸில் ஒரு நிறுவனம் மதிப்பிட்டது. நான் தொடவில்லை, தொடவும் கூடாது. வெள்ளிக்கிழமை நிலவரப்படி நானூற்று எண்பது கோடி. நான் போட்ட அதே எண். வங்கி கடன் கொடுத்தது, ஸ்டாஷ் வரியைக் கட்டினான். ஆகஸ்ட் மாதம் முதல் பயிற்சி ஆட்டத்தில் அரங்கத்தின் ஐந்தாவது கேட்டுக்கு அவள் பெயரை வைத்தார்கள். அன்று எனக்குத் தூக்கம் வந்தது. பல மாதத்துக்குப் பிறகு.

நவம்பரில் ஸ்டாஷ் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"என்னால முடியல லின்டன். அந்த ரூம்ல போய் உக்காந்தா அவ நாற்காலியத்தான் பாக்கறேன். தோத்தா எங்கிட்டத் திட்ட யாருமில்ல. வித்துட்டேன்."

"யாருக்கு?"

அவன் கையில் ஓர் ஆரஞ்சுப் பெட்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மொத்த அணியும் அறுநூற்றுத் தொண்ணூறு கோடிக்குப் போனது. எட்டு மாதத்துக்கு முன்பு நானூற்று எண்பது என்று எழுதிக் கொடுத்த அணி. அதனால்தான் நீங்கள் வந்தீர்கள், அதனால்தான் நானும் இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் மேல் வருத்தம் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஜனவரியிலேயே கூப்பிட்டிருப்பேன்.

அந்த வரைவும் வீட்டில்தான் இருக்கிறது. வெண்ணெய்க் கறையோடு தருகிறேன். என் கணக்கு அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் மறுமதிப்பீடு செய்யுங்கள். மீதி இருபத்திரண்டு கோடியை ஸ்டாஷ் கட்டுவான், இப்போது அவனிடம் இருக்கிறது.

ஆனால் அன்று தெரிந்திருந்தவை எல்லாவற்றையும் சொல் என்கிறது உங்கள் கேள்வி. அதனால் மிச்சத்தையும் சொல்கிறேன்.

வியாழன் மதியம் நான் டனியிடம் கணக்கைத்தான் பேசினேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. நாளைக்கு என்றால் அறுபத்தைந்து, செவ்வாய்க்குப் பிறகு எண்பத்தேழு, வங்கி எழுபது. ஆரஞ்சுக்காரரைப் பற்றியும் சொன்னேன். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, அந்த அறையில் எப்போதும் கேட்பதைக் கேட்டேன். கிளம்பலாமா என்றேன்.

அவள் விரலை அழுத்தினாள்.

அது நரம்பு தானாக இழுப்பது, அர்த்தம் கிடையாது என்று சொல்வார்கள். இருக்கலாம். டாக்டர் அதைத்தான் கேட்டார், நான் இல்லை என்றேன். அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருவனுக்கு மட்டும் தெரிந்து அவனும் வெளியே சொல்லாதது, எங்கள் தொழிலில், தெரிந்தது ஆகாது. டனிக்கும் விருப்பம் அதுதான். அணி ஊரை விட்டுப் போகக் கூடாது என்று அவளேதான் சொன்னாள். நான் கேட்டேன், அவள் பதில் சொன்னாள், நான் அதன்படி செய்தேன். இதில் நானாக முடிவெடுத்தது எதுவும் இல்லை.

எத்தனை முறை அழுத்தினாள் என்று நீங்கள் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

முதல் அழுத்தம் தெளிவாக இருந்தது. ஓப்பல் அறையில் இருந்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். சற்று இடைவெளி விட்டு வந்த அடுத்தது அவ்வளவு பலமாக இல்லை, அதனால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.