வெறுங்கால் சீன்

செருப்ப விட்டுட்டுப் போறது சரிம்மா, அது எல்லாரும் விடறதுதான். அதுக்குத்தான நான் இந்த ஸ்டாண்டுல உக்காந்துக்கினு இருக்கறேன். பாப்பா காலுல இருக்கற சாக்ஸ எதுக்கு உருவற? மணி பதினொன்னர ஆவுது. உள்ள பிராகாரத்துக் கருங்கல்லு தோசக்கல்லு மாதிரி காஞ்சுக்கினு இருக்குது. சாக்ஸோட போனா சாமி ஒண்ணும் சொல்லாதும்மா.

ரீல்ஸா? அதான பாத்தேன். பட்டுப்பாவாட, கொலுசு, நெத்தியில இம்மாம் பெரிய பொட்டு. படத்துல புருசன் ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப அந்தப் பொண்ணு உச்சி வெயில்ல இந்தக் கோயில சுத்தி வருமே, அந்த சீனுதான? படம் வந்ததுலேர்ந்து இதே பொழப்பா போச்சு. நேத்துகூட ஒரு புதுப்பொண்ணு வந்துச்சு. நாலு அடி வெச்சது, அஞ்சாவது அடிக்கு புருசன் தோளுமேல இருந்துச்சு. பாப்பா பேரு இன்னா? அனுவா. ஒண்ணாங்கிளாஸா. நல்லா இரு கண்ணு.

கயித்துப் பாய் போட்டு தண்ணி தெளிச்சு வெச்சிருக்காங்களே, அதும்மேல நடக்க வெய்யேன். ஆங்? பாயி பிரேம்ல வருதா? ஐயே, வந்தா வரட்டுமே. ஒரிஜினலா இருக்காதா. கொழந்த காலு ஒரிஜினலும்மா, அத மொதல்ல பாரு.

கோவிச்சுக்காத, ஒண்ணு கேக்கறேன். சினிமாவுல வெறுங்காலோட நடக்கறவங்க காலுல எப்பனா ஒரு நெருஞ்சி முள்ளு ஏறிப் பாத்திருக்கறியா? ஏறாது. ஏறுச்சுன்னா ஹீரோ பக்கத்துல நிக்கறான்னு அர்த்தம், மண்டி போட்டு புடுங்கணும், ஒரு பாட்டு வரணும். மழ பேஞ்சா போதும், ஹீரோயினு மொதல்ல செருப்ப கழட்டி வீசும். நாம மழயில செருப்பத் தேடி மாட்டுவோம், சேத்துல இன்னா கெடக்குதோன்னு. படத்துல மாட்டுச் சாணி இல்ல, பீங்கான் சில்லு இல்ல, பெருவிரல் நகம் பேந்துக்கினு வர்றது இல்ல. ஊரெல்லாம் ஓடி வந்தும் உள்ளங்கால காட்டுவான் பாரு, ரோஜாப்பூ மாதிரி இருக்கும்.

அமெரிக்காவுலேர்ந்து வர்ற ஹீரோ ஷூவ கழட்டிட்டு வயல்ல கால வெச்சான்னா அவன் நல்லவன். வில்லன் ஒருத்தனாச்சும் வெறுங்காலா நிப்பானா? மாட்டான். செருப்பு இல்லன்னா நல்லவங்கன்னு அவனுங்க கணக்கு. அப்படிப் பாத்தா இந்தக் கோயிலுக்குள்ள இப்ப இருக்கறது பூரா நல்லவங்கதான். அதுல எத்தினி பேரு பிஞ்சத விட்டுட்டு புதுச மாட்டிக்கினு போறான்னு என்னக் கேளு, நான் சொல்றேன்.

பாப்பா அழுவுது பாரு. வாசக்கல்லுலயே இப்படி குதிக்குதே, உள்ள எப்படி நடக்கும்? ஒரே ஒரு சுத்துதானா? அதத்தான் அந்த சினிமாக்காரனுங்களும் சொன்னானுங்க.

இன்னா சொன்ன? அந்தப் பொண்ணு டூப்பே போடலையா? பேட்டியில சொல்லிச்சா? நெசமாவே நடந்துச்சு, கொப்புளம் வந்துச்சு, அப்பவும் நிக்கலன்னு. டெடிகேஷனா. ம். சொல்லும், சொல்லும். அதக் கேட்டுத்தான் கொழந்தைக்கும் கத்துக் குடுக்கணும்னு கூட்டியாந்தியா?

இங்க வா, கிட்ட உக்காரு. இந்தக் காலப் பாரு. பயப்படாத, ஆறிப்போன காயந்தான். அடிப்பாதம் சுருங்கிக் கெடக்குது பாத்தியா? படத்துல வர்ற பாதம் இதான்மா. அப்ப இப்படி இல்ல.

நான் தறி நெய்யறவ. குழியில கால விட்டு மிதிக்கற வேல, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் காலு நெழல்லயே கெடக்கும். வெள்ளையா, மெத்துன்னு ஆயிடும். சினிமாக்காரனுங்க தெருத்தெருவா வந்து பொம்பளைங்க காலப் பாத்தானுங்க, என் காலு ஹீரோயினு காலுக்கு மேட்ச் ஆவுதுன்னு புடிச்சானுங்க. உழைக்கற ஜனம், சூடு தாங்கும்னு நெனச்சுக்கினானுங்க. வெயிலே காணாத காலுடா இதுன்னு சொல்ல எனக்கும் வாய் வரல. சினிமான்னதும் பல்ல இளிச்சுக்கினு போயிட்டேன், புத்தி எங்க போச்சுன்னு தெரியல.

பாய சுருட்டிட்டானுங்க. கல்லுல ஊத்தின தண்ணியையும் தொடச்சுட்டானுங்க, ஈரம் தெரியுதாம். ஒரு சுத்துன்னானுங்க, ஆறு சுத்து போனேன். நாலாவதுல கொப்புளம் ஒடஞ்சுது. மேக்கப்பு போடவே வாணாம், சூப்பருன்னான் ஒருத்தன். அந்தப் பொண்ணு மூஞ்சிய மட்டும் எடுக்கறப்ப பாய் மேலதான் நடந்துச்சு. நல்ல பொண்ணுதான், எனக்கு எளநி குடுத்துச்சு. அப்புறம் புண்ணு சீழு வெச்சு, தறி மிதிய மிதிக்க முடியாம ரெண்டு மாசம் படுத்துக் கெடந்தேன். எனக்கு நெய்யக் குடுத்த பாவு நூல வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. எழுந்து வந்து உக்காந்ததுதான் இந்த ஸ்டாண்டு. இப்பவும் ரொம்ப நேரம் மிதிச்சா வலி புடிச்சுக்கும். அதான்மா சொல்றேன், உன் பொண்ணு காலும் அதே மாதிரி மெத்துமெத்துன்னு இருக்குது.

ஆங், அப்படி. சாக்ஸ நல்லா இழுத்து மாட்டி வுடு. பாய் மேலயே கூட்டிக்கினு போய் சாமிய பாத்துட்டு வா. அழாத கண்ணு, அம்மா ஒண்ணும் பண்ண மாட்டாங்க.

வெளிய சொல்லவே இல்லம்மா. சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டானுங்க. எங்க வூட்டுக்காரருகிட்ட கூட, வேண்டுதலு, கோயில சுத்துனேன்னுதான் சொல்லி வெச்சேன். பைத்தியமாடி உனக்குன்னு ஊரு கேக்க திட்டுனாரு. திட்டிக்கினே மருந்து போட்டாரு, தெனம் ரெண்டு வேள.

கண்டுபுடிக்கலையாவா? அத ஏன் கேக்கற. படம் வந்தப்ப அவருதான் ஆசையா கூட்டிக்கினு போனாரு, நம்மூரு கோயிலு வருதுன்னு. ஸ்க்ரீன் பூரா என் காலு. பதினாலு வருசமா பக்கத்துத் தறியில உக்காந்த மனுசன், அந்தக் கால மடியில வெச்சு மருந்து போட்ட மனுசன், துண்டால கண்ணத் தொடச்சுக்கினு அழுவறாரு. பாவம்டி வேணி, அந்தப் பொண்ணு எப்படித்தான் தாங்குச்சோ, உன்னால முடியுமாடின்னு என்னக் கேக்கறாரு.

முடியாதுங்கன்னு சொன்னேன்.