மூன்று நாள் காய்ச்சல்

அக்கா: தலையை ஆட்டாதே. காது போச்சுன்னா ஒட்டித் தர மாட்டேன்.

தம்பி: நான் எங்க ஆட்டினேன்? நீ பேசப் பேச கத்திரியும் சேர்ந்து ஆடுது.

அக்கா: பேச்சை மாத்தாதே. அப்ளை பண்ணப் போறியா இல்லையா?

தம்பி: இல்ல.

அக்கா: ஏன்?

தம்பி: ஏன்னா இல்ல. பிடிக்கல. நீ முடியை வெட்டு.

அக்கா: முந்நூறு பேர்ல பன்னிரண்டு பேருக்குத்தான் கணக்கு ஆனர்ஸ் வகுப்புல இடமாம். கணக்குப் பேராசிரியையே கூப்பிட்டு அப்ளை பண்ணுன்னு சொல்லியிருக்காங்க. துரைக்குப் பிடிக்கலையாம்.

தம்பி: அந்தப் பன்னிரண்டு பேரை நீ பார்த்ததில்ல. கான்டீன்ல டீ கேக்கும்போதுகூட 'அடிப்படையில்'னுதான் ஆரம்பிப்பானுங்க.

அக்கா: நீயும் ஆரம்பியேன். யார் வேணாம்னா?

தம்பி: மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு முதுகு ஒடியணும். தனியா ஒரு ஆய்வு வேற எழுதணும். கடைசியில சான்றிதழ்ல ஒரே ஒரு வார்த்தைதான் கூடும்.

அக்கா: நீ தூங்குற தூக்கத்துல பாதியைக் குறைச்சா ரெண்டு ஆனர்ஸ் வாங்கலாம்.

தம்பி: அக்கா... கழுத்துல முடி குத்துது.

அக்கா: குத்தட்டும். போன மாசம் அம்மாகிட்ட என்ன சொன்னே?

தம்பி: என்ன சொன்னேன்?

அக்கா: 'வருஷம் முழுக்க ஒரே ஒரு கணக்கை வெச்சுக்கிட்டு உட்காரலாம்மா, நடுவுல மணியடிச்சு யாரும் எழுப்ப மாட்டாங்க'ன்னு... சாப்பிடறதை விட்டுட்டு சுவரைப் பார்த்துச் சிரிச்சே. உனக்கு யாரோ பொண்ணு பிடிச்சுப்போச்சுன்னு அம்மா என்கிட்ட வந்து விசாரிச்சாங்க.

தம்பி: அது போன மாசம்.

அக்கா: இந்த மாசம் கணக்கு கசந்துடுச்சாக்கும்? மணி நாலே கால். இன்னைக்கு அஞ்சு மணியோட விண்ணப்பம் வாங்கறதை நிறுத்திடுவாங்க, ஞாபகம் இருக்கில்ல?

தம்பி: ஒரு நிமிஷம். கடைசி நேரம் உனக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொல்லலையே.

அக்கா: ...பேப்பர்ல போட்டிருந்தான்.

தம்பி: எங்க ஆனர்ஸையா? பேப்பர்லயா?

அக்கா: குனி. பின்னாடி வெட்டணும்.

தம்பி: நான் கிளம்பறேன்.

அக்கா: தாராளமா. ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் காடு. பஸ்ல உடனே சீட்டு கிடைக்கும். பயந்து எழுந்துடுவாங்க.

தம்பி: வேணும்னே பாதியில நிறுத்தினியா?

அக்கா: தொழில் ரகசியம். இரு, போன் அடிக்குது... ஹலோ? இல்லீங்க, ஆறு மணிக்கு வாங்க. இப்போ நாற்காலியில ஒரு அவசர கேஸ். ஆமாங்க, தலைதான், உள்ளயும் கொஞ்சம் கோளாறு... சரிங்க. ம், எங்க விட்டோம்? கட்டுரை.

தம்பி: எந்தக் கட்டுரை?

அக்கா: விண்ணப்பத்தோட வைக்கணுமாமே. என்ன கேள்வி?

தம்பி: ...'உங்களை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது யார்?'

அக்கா: யாரை எழுதினே?

தம்பி: எழுதவே இல்ல.

அக்கா: எழுதி, பேராசிரியைகிட்ட காட்டி, சிபாரிசுக் கடிதமும் வாங்கிட்டு, எழுதவே இல்ல!

தம்பி: அக்கா... இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?

அக்கா: நீ மொதல்ல சொல்லு. கத்திரி என் கையில இருக்கு.

தம்பி: உன்னைப் பத்திதான் எழுதினேன். போதுமா?

அக்கா: நல்லபடியாத்தானே?

தம்பி: ரொம்ப... நல்லபடியா.

அக்கா: எவ்வளவு நல்லபடியா?

தம்பி: எறும்பைப் பார்த்தாகூட ஒதுங்கி நடப்பான்னு.

அக்கா: நானா? போன வாரம் கரப்பான்பூச்சியை உன் செருப்பாலயே அடிச்சுக் கொன்னேனே!

தம்பி: கட்டுரைன்னா கொஞ்சம் முன்னப்பின்னத்தான் இருக்கும்.

அக்கா: அப்புறம்?

தம்பி: எனக்காகக் காலேஜை விட்டா. சலூன் வேலைக்குப் போனா. என்னைப் படிக்க வெச்சா.

அக்கா: அப்புறம்?

தம்பி: அவ்வளவுதான்.

அக்கா: டேய். அப்புறம் அந்த அக்கா என்ன ஆனா?

தம்பி: அந்தக் கத்திரியைக் கொஞ்சம் கீழ வையேன்.

அக்கா: என்ன ஆனா?

தம்பி: ...செத்துட்டா.

அக்கா: எதுல?

தம்பி: காய்ச்சல்ல.

அக்கா: எத்தனை நாள்?

தம்பி: மூணு.

அக்கா: மூணே நாளா! ஒரு ஆபரேஷன் இல்ல, ஒரு ஐசியூ இல்ல... பேர்கூட இல்லாத ஒரு காய்ச்சல்! உன்னை இடுப்புல தூக்கிச் சுமந்தவளுக்கு ஒரு லாரிகூடவா கிடைக்கல?

தம்பி: நானூறு வார்த்தைக்குள்ள முடிக்கணும்க்கா. இடம் இல்ல... நீ சிரிக்கிறியா, அழுறியா? கண்ணாடியில சரியாத் தெரியல.

அக்கா: அது உனக்கு வேணாம்.

தம்பி: உனக்கு இது முன்னாடியே தெரியும். இல்ல?

அக்கா: உங்க பேராசிரியை பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை முடிக்கு டை அடிக்க எங்க வர்றாங்கன்னு நெனைச்சே? இதே நாற்காலிதான். டை ஊற அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்துல, புருஷன்கிட்ட சொல்லாததை எல்லாம் என்கிட்ட சொல்லுவாங்க.

தம்பி: ஐயோ!

அக்கா: போன வாரம், 'என் ஸ்டூடண்ட் ஒருத்தன், பாவம், அக்காவைப் பறிகொடுத்தவன்'னு ஆரம்பிச்சாங்க. நானும் உச்சுக் கொட்டினேன். 'அந்தப் பொண்ணும் உன்னை மாதிரி சலூன்லதான் வேலை பார்த்துச்சாம்'னாங்க. அப்புறம் உன் பேரைச் சொன்னாங்க.

தம்பி: நீ என்ன சொன்னே?

அக்கா: என்ன சொல்ல? 'செத்தது நான்தாங்க'ன்னேன்.

தம்பி: போச்சு. எல்லாம் போச்சு.

அக்கா: அவங்க சிரிச்ச சிரிப்புல டை கண்ணுக்குள்ள போயிடுச்சு. கழுவி விட்டேன். துடைச்சுக்கிட்டே சொன்னாங்க, 'கணக்குல இவனை மாதிரி ஒருத்தனை நான் அஞ்சு வருஷமா பார்க்கல. உண்மையை எழுதிக் கொடுத்தா என் கடிதம் நிக்கும். இல்லன்னா கிழிச்சுடுவேன்'னு. அஞ்சு மணி விஷயமும் அவங்க சொன்னதுதான். நீயா வந்து சொல்லுவேன்னு ஒரு வாரமா பார்த்தேன்...

தம்பி: பேசாம விட்டுடறேன்க்கா. இனிமே மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?

அக்கா: இருக்கிற இடத்துலயே வெச்சுக்க. ஏண்டா என்னைக் கொன்னே? அதை மட்டும் சொல்லு. சலூன்காரி அக்கான்னா வெக்கமா?

தம்பி: சீச்சீ! சலூன்னு எழுதியிருக்கேனே.

அக்கா: பின்ன?

தம்பி: நீ உயிரோட இருக்கிறதாத்தான் எழுதிப் பார்த்தேன். நாலு தடவை. 'இன்னைக்கும் பத்து மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை செய்யறா'ன்னு எழுதுவேன்... அதோட கை நின்னுடும். நீ நிக்கிற. நான் போய் ஆனர்ஸ்ல ஒரே கணக்கை வெச்சுக்கிட்டு உட்காரணுமா? செத்துட்டான்னு எழுதினா ஒரு தடவை அழுதுட்டு அடுத்த பத்திக்குப் போயிடலாம். உயிரோட இருந்தா தினமும் வீங்கின காலைப் பார்க்கணும். எனக்குத் தாங்கலக்கா. அதான் அப்ளை பண்ண வேணாம்னு... அக்கா?

அக்கா: ஒண்ணுமில்ல. கண்ணுல முடி விழுந்துடுச்சு. போனை எடு. இன்னும் அரை மணி நேரம் இருக்கு. எழுது.

தம்பி: என்னன்னு?

அக்கா: அக்கா உயிரோடதான் இருக்கான்னு. கத்திரியோட இருக்கான்னு.

தம்பி: 'என் அக்கா உயிரோடு இருக்கிறாள்.' சரி. 'எறும்பைக் கண்டாலும்...'

அக்கா: எறும்பைத் தூக்கு.

தம்பி: தூக்கிட்டேன். 'எனக்காகத் தன் கல்லூரிப் படிப்பையே விட்டவள்.'

அக்கா: அதையும் தூக்கு.

தம்பி: அதை எப்படித் தூக்கறது? கட்டுரையே அதுலதானே நிக்குது.

அக்கா: தூக்குடா. வேற எதையாவது எழுது. கணக்கு சொல்லிக் குடுத்தான்னு...

தம்பி: நீயா? கழித்தலுக்கே விரலை மடக்குவே.

அக்கா: அப்போ ஓசியில முடி வெட்டினான்னு எழுது.

தம்பி: அவங்க உண்மையைத்தானே கேட்டாங்க? நான் எழுதினதுலயே உண்மையான வரி இது ஒண்ணுதான். நீ கத்திரியால குத்தினாலும் இதை எடுக்க மாட்டேன்.

அக்கா: சரி... திரும்பாதே. கண்ணாடியைப் பார்த்தே கேளு. அப்பாவுக்கு வேலை போனப்போ, 'ரெண்டு பேரையும் படிக்க வைக்க முடியலையே'ன்னு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க பாரு... அன்னைக்கு என் பையில ஒரு கடிதம் இருந்துச்சு. ஏழு பேப்பர்ல ஆறு பெயில், பேரை நீக்கியாச்சுன்னு காலேஜ்ல குடுத்தது. நாலு மாசமா நான் வகுப்புக்கே போகலடா. காலேஜுக்குப் பின்னாடி ஒரு சலூன்ல முடி வெட்டக் கத்துக்கிட்டிருந்தேன். எனக்கு அதுதான் பிடிச்சுது. அம்மா அழுததும் தலையைக் குனிஞ்சேன், அவ்வளவுதான். 'தம்பிக்காக விட்டுட்டா'ன்னு அவங்களாச் சொன்னாங்க. நானும் பத்து வருஷமா தியாகியாவே இருந்துட்டேன். இந்தக் கால் என் ஆசைக்கு வீங்குது, உனக்காக இல்ல. இதை எழுதி அனுப்பிட்டு, போய் உன் கணக்கோட உட்காரு... அம்மாகிட்ட மட்டும் காட்டிடாதே.