தம்பிக்கு வாங்கிய காமிக்ஸ்

திருவொற்றியூரிலிருந்து வந்த பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு நண்பர்கள். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் மடியில் பழைய காமிக்ஸை விரித்திருந்தார்.

"இதுல பறக்குறவன் நானு. மலையத் தூக்குறவன் என் தம்பி."

"இன்னா மாமு, இந்த வயசுல?"

"ஒரே புக்குல அஞ்சு ஹீரோ கதை. சின்ன வயசுல சண்டை போட்டு நான்தான் கிழிச்சேன். மூணு நாளு அழுதான். இன்னிக்குப் பழைய புக்குக் குவியல்ல அதே புக்கு கெடச்சுது. கல்மண்டபத்துல அவன் வூட்டுக்குப் போய்க் குடுக்கணும்னு ஓடியாந்து பஸ் ஏறிட்டேன்."

நண்பர் அவர் தோளைப் பற்றினார்.

"டிக்கெட் எடுக்கசொல்லதான் நெனப்பு வந்துச்சு. அவன் செத்து நாப்பது நாளு ஆவுது."

"அவன் பொண்ணுக்குக் குடேன்."

"குடுக்கலாம். இன்னா சொல்லிக் குடுக்குறது?"

அவர்கள் டிக்கெட் எடுத்திருந்த கல்மண்டபம் வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.