தண்ணி படக்கூடாத தோல்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் காலை பஸ். எனக்குப் பின் சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் மெட்ராசில் ஒரு அபார்ட்மெண்டில் வீட்டு வேலை செய்பவள். மற்றவள் அவளுடைய அண்ணி. ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவள்.

"அது மண்ணுலதான் குளிக்கும் அண்ணி. தண்ணியே படக்கூடாது."

"ஏன், அது இன்னா கருவாடா?"

"சின்சில்லான்னு பேரு. எலி மாதிரி, ஆனா முயல் சைசு. மாவாட்டம் மண்ணு கடையில விக்கறாங்க, கிண்ணத்துல கொட்டுனா உள்ள போயி பொரளும். முடி அவ்ளோ நெருக்கம். நனைஞ்சா அடியில காயாது, தோலுல பூஞ்சை புடிச்சிக்கும்."

"உனுக்கு எப்டித் தெரியும்?"

"நான்தான் கழுவிட்டேனே. நான் வேலை செய்ற வூட்டம்மா வளக்கறது அது. அந்தம்மாவுக்கு நண்டு சுத்தம் பண்ண கையோட அத்த தூக்கிட்டேன். ஒரே கவுச்சி. நம்மூர்ல செய்றாப்புல நல்ல தண்ணில ஒரு அலசு அலசி வுட்டேன்."

"அப்புறம்?"

"ஒரு வாரத்துல காதோரம் முடி கொட்டி, தோலு செவந்துபோச்சு. அந்தம்மா அழுதுகினே டாக்டராண்ட தூக்கினு ஓடுச்சு. என்னை வேலைய வுட்டு நிறுத்தல. இனிமே ஈரக்கையோட அத்த தொடாதன்னு மட்டும் சொல்லுச்சு. இப்போ நான்தான் தெனம் மருந்து பூசறேன், கொறைஞ்சிருக்கு."

கொஞ்ச தூரம் போனதும் அண்ணி கேட்டாள்:

"அந்த மருந்து மனுசனுக்கு ஆவுமா?"

இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அண்ணி கையை விரித்து வைத்திருந்தாள். விரல் இடுக்கெல்லாம் ஊறி வெளுத்து வெடித்திருந்தது.