மாப்பிள்ளைக்குக் கட்டிய பை

டயரை நெம்பிக் கழற்ற இரண்டு லிவர் போதும் மேடம். மூன்றாவதாக ஒன்றை எடுத்து வருகிறவன் தன் கையை நம்பாதவன். ஒன்றே ஒன்றோடு வருகிறவன் அடுத்தவன் பையை நம்பி வருகிறவன். எங்கள் குழுவில் இந்த இரண்டு ரகமும் உண்டு, இரண்டோடு வருகிறவன் நான் மட்டும்தான்.

மேசைமேல் பிரித்துப் போட்டிருக்கிறீர்களே, அந்தப் பையை நான்தான் கட்டினேன். யார் பிரித்தார்களோ, பம்பைத் தூக்கி லிவர் மேல் போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை, உங்கள் ஆட்களுக்கு அது பழக்கமில்லை. சக்கரத்து நட்டுக்கு ஒரு ஸ்பேனர், அதன் மறுமுனையே ஒரு லிவர். ஒரே இரும்பு இரண்டு வேலை பார்க்கும். இன்சுலேஷன் டேப்பைப் பம்பின் மேலேயே சுற்றிவிட்டால் அதற்குத் தனி இடம் வேண்டாம். அறுந்த செயினை இணைக்கிற சின்ன லாக் தொலைந்து போகாமல் இருக்க ஒரு காலி மாத்திரை டப்பா, அது குலுங்காமல் இருக்கக் கொஞ்சம் பஞ்சு. கட்டி முடித்த பையைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்டுவேன். பாறையில் குதிக்கிற வண்டியில் சத்தம் போடுகிற பை தன்னைத்தானே தின்றுவிடும்.

எனக்கு மருந்துக்கடை. தலைவலிக்கு எதைக் கொடுத்தாலும் விழுங்குகிற ஜனங்களோடு நாள் முழுக்கப் பேசுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரோடு இல்லாத இடமாகப் பார்த்து மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற ஒரு குழுவோடு போவேன். ஆற்றுப் படுகை, குன்று, கல் குவாரி. அங்கேயும் அதே ஜனங்கள்தான், ஹெல்மெட் மட்டும் கூடுதல். எங்களில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். ஊரார் வாய்க்குள் அத்தனை கருவியை விடுகிறவர், தன் வண்டிக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் கொண்டு வரமாட்டார். கேட்டால், "அதான் நீங்க இருக்கீங்களே" என்பார். அதைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்வார்.

அவரையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் தங்கை வீட்டுக்காரரை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டது நான்தான், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளைக்கு பிளாட் விற்கிற கம்பெனியில் வேலை. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே வாயாலேயே மாடி மேல் மாடி கட்டிவிடுவார். இருப்பதிலேயே விலை கூடிய வண்டியை வாங்கினார். கீழே விழுவார், எழுந்து அதை ஒரு கதையாகச் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் அவரே முன்னால் போய் வழிகாட்டுகிறவர் ஆகிவிட்டார். நான் எப்போதும் போலக் கடைசியில் போனேன். விழுந்தவர்களைப் பொறுக்கிக்கொண்டு வருகிறவன் கடைசியில்தான் போக வேண்டும்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கிளம்பும் முன் ஒவ்வொருவரும் தன் பையைப் பிரித்துத் தரையில் பரப்ப வேண்டும், பக்கத்தில் நிற்கிறவர் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அதை ஏற்படுத்தியது நான். மாப்பிள்ளை அதை ஒரே காலையில் ஒழித்துக் கட்டினார். "என்ன மச்சான், பழைய இரும்புக் கடை போட்டுட்டீங்க?" என்றார். அவ்வளவுதான். மறு வாரம் ஒருவரும் பரப்பவில்லை. என்னை அதன் பிறகு "மூட்டை" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மூட்டை வந்தாச்சா, மூட்டைகிட்ட கேளு, மூட்டை இருக்கும்போது என்ன பயம். என் தங்கைகூட ஒருநாள் போனில், "என்ன மூட்டை அண்ணா" என்று ஆரம்பித்துவிட்டு, தானே சிரித்துக்கொண்டாள்.

இதுதான் காரணம் என்று உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் எழுதுகிறார் போலிருக்கிறது. வேண்டாம். பட்டப்பெயருக்கெல்லாம் கோபப்படுகிற வயதா எனக்கு. ஒரு மனிதனுக்கு ஒரு பாடம் தேவைப்பட்டது, அதைச் சொல்லிக் கொடுக்கத் தகுந்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். அவ்வளவே.

அவராகத்தான் கேட்டார். "மச்சான், எனக்கும் ஒரு பை கட்டிக் குடுங்க. ஆனா உங்களுது மாதிரி மூட்டையா வேணாம், சின்னதா, ஸ்டைலா." கட்டிக் கொடுத்தேன். முதலில் கொடுத்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது, அதில் சந்தேகம் வேண்டாம். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னேன்: வீட்டில் ஒருநாள் இந்தப் பையில் இருப்பதை மட்டும் வைத்து இரண்டு சக்கரத்தையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். "பார்த்துடலாம் பார்த்துடலாம்" என்று பையை வாங்கிச் செருப்பு அலமாரியின் மேல் வைத்தார். மாதக்கணக்கில் அது முதுகில் ஏறும், திரும்பி அலமாரிக்குப் போகும். கயிற்றில் நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. ஒவ்வொரு முறை அந்த வீட்டுக்குப் போகும்போதும் முதலில் முடிச்சைத்தான் பார்ப்பேன்.

ஒருநாள் அதை அவிழ்த்தேன். அவர் வீட்டில் இல்லை. தங்கை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்னண்ணா பண்றீங்க?" என்றாள்.

"மாப்பிள்ளை பையை ஒரு தடவை சரி பார்த்து வைக்கிறேன்."

"உங்களை விட்டா அவருக்கு யாருண்ணா இருக்கா" என்றாள். காபி நன்றாக இருந்தது.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் மேடம், இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. இந்த வண்டிகளில் முன் சக்கரம் பெரியது, பின் சக்கரம் சின்னது. மாற்று ட்யூப் ஒன்றுதான் எடுத்துப் போக இடம் உண்டென்றால் முன் சக்கரத்து ட்யூபைத்தான் எடுக்க வேண்டும். பின்னால் பஞ்சரானால் அதையே மடித்துத் திணித்து மெதுவாக வீடு வந்து சேரலாம். பின் சக்கரத்து ட்யூபை முன்னால் போட முடியாது. சின்னது, தடிமனானது, எவ்வளவு இழுத்தாலும் அந்த வளையத்துக்கு எட்டாது, எட்டவைத்தால் கிழியும். சுருட்டி, பவுடர் தடவி, பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டால் இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். மேலே எண் இருக்கும். அதைப் படிக்க வேண்டும். மாப்பிள்ளை அச்சடித்த எதையும் படிக்கிற ரகம் இல்லை.

முன் ட்யூபை எடுத்துவிட்டுப் பின் ட்யூபை வைத்தேன். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனையும் எடுத்துவிட்டு, என்னிடம் திறந்து கிடந்த பழைய ஒன்றை வைத்தேன். அதை ஒருமுறை திறந்தால் எவ்வளவு இறுக்கி மூடினாலும் உள்ளேயே காய்ந்துபோகும். அமுக்கினால் மெத்தென்று புதிது மாதிரி இருக்கும், மூடியைத் திறந்தால் வெறும் காற்று. பிறகு அதே முடிச்சைப் போட்டு, ஆட்டிப் பார்த்து, அலமாரி மேல் வைத்தேன். சத்தம் வரவில்லை.

குழு ஒரு புது வழியில் போவதென்றால் முதல்நாள் இரண்டு பேர் போய்ப் பார்த்து வருவார்கள். அந்தச் சனிக்கிழமை மாப்பிள்ளையும் நானும் போனோம். நாங்கள் ஒன்றாகத் திரும்பி வந்தோம், பிறகு அவர் மறுபடியும் தனியாகப் போயிருக்க வேண்டும் என்று போன தடவை இதே நாற்காலியில் உட்கார்ந்து உங்களிடம் சொன்னேன். அது பொய். மன்னிக்கவும்.

காலையில் இரண்டு வண்டிக்கும் காற்று பார்த்தது நான். மணலில் போகக் காற்றைக் குறைக்க வேண்டும், கல்லுக்குள் நுழையும் முன் திரும்ப ஏற்ற வேண்டும். குறைந்த காற்றோடு கல்லில் மோதினால் ட்யூப் இரும்புக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக் கடிபடும். மணல் முடிந்ததும் என் வண்டிக்கு ஏற்றிக்கொண்டேன். அவர் ஏற்றவில்லை, நான் ஞாபகப்படுத்தவும் இல்லை. அன்று என் முதுகில் பை இல்லை. அதைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தான் மச்சான் மனுஷன் மாதிரி இருக்கீங்க" என்றார். என் பம்பும் ட்யூபும் சொல்யூஷனும் சீட்டுக்கு அடியில் கட்டியிருந்தன.

வறண்ட ஆற்றுப் படுகையின் நட்டநடுவில் அவர் வண்டியின் முன் சக்கரத்தில் காற்று போயிற்று. பாதகமில்லை என்பது போலப் பாட்டுப் பாடிக்கொண்டே சக்கரத்தைக் கழற்றினார். கழற்றுவதற்கே வெகுநேரம் பிடித்தது. நான் ஒரு பாறைமேல் உட்கார்ந்து பார்த்தேன். சொல்லிக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை. ட்யூபைப் பிரித்து, போட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, வால்வு அருகே கிழித்துவிட்டார். பழைய ட்யூபை ஒட்டலாம் என்று சொல்யூஷனைத் திறந்தார். அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். அப்போது என்னைத் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், அந்த முகத்தில் கதை எதுவும் மிச்சமில்லை.

"மச்சான், இது என்ன இப்படி இருக்கு?"

"பையைப் பிரிச்சுப் பார்த்தீங்களா இல்லையா மாப்பிள்ளை?"

பின்னால் ஏறிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். என் வண்டியில் பின் சீட் கிடையாது, இந்தக் கல்லில் இரண்டு பேர் போனால் இரண்டு பேரும் விழுவோம் என்றேன். பாதி உண்மை. போனுக்கு சிக்னல் கிடைக்கிற இடமும் இல்லை. நான் போய் ட்யூபோடு ஆளைக் கூட்டி வருகிறேன், நீங்கள் வண்டியை விட்டு நகராதீர்கள் என்றேன். நின்ற இடத்தில் நின்றால்தான் தேடுகிறவர்கள் கண்டுபிடிக்க முடியும், நடந்து போகிறவன் தொலைந்து போவான் என்றும் விளக்கினேன். அதுவும் உண்மைதான், எந்தக் குழுவில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அவர் தண்ணீர் எப்போதும் கொஞ்சமாகத்தான் எடுத்து வருவார், தீர்ந்தால் என்னிடம் வாங்கிக் குடிப்பார். அன்றும் கேட்டார். ஒரு மடக்குக் கொடுத்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அவருக்கு பிரஷர் உண்டு. அதற்கான மாத்திரை என் கடையிலிருந்துதான் போகும். உடம்பில் இருக்கிற தண்ணீரை வெளியேற்றுகிற மாத்திரை, வெயிலில் கவனம் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். அச்சடித்ததை அவர் படிக்கமாட்டார் என்று சொன்னேன் அல்லவா. நான் படித்திருக்கிறேன்.

பிறகு வீட்டுக்கு வந்தேன். வண்டியைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டேன். சாயங்காலம் பல் டாக்டர் போன் செய்து ரூட் எப்படி என்று கேட்டார். அருமையான ரூட் என்றேன். தங்கை கேட்டபோது, பிளாட் வாங்க ஒரு பெரிய பார்ட்டி வந்திருக்கிறதாம், பேசி முடிக்க நேரமாகும், ராத்திரி அங்கேயே தங்கிவிடுவார், போன் எடுக்கமாட்டார் என்றேன். நம்பினாள். அவருடைய கதைகளை நம்பி நம்பி அவளுக்குப் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை குழுவோடு போனேன், கடைசியில்தான் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் இறங்கி நின்றார்கள். மாப்பிள்ளை வண்டியை ஒட்டியே கிடந்தார். பக்கத்துக் குன்றடியில் நிழல் இருந்தது, நடந்தால் எட்டக்கூடிய தூரம்தான். போகவில்லை. ஒரு அடிகூட நகரவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேட்டிருக்கிறார்.

இத்தனைக்கும் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நீங்களும் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். அப்புறம் ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கிறீர்கள், நியாயமான கேள்வி. நேற்று தங்கை வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். பையில் இருந்தது பின் சக்கரத்து ட்யூப் என்று உங்கள் ஆட்கள் மூலம் பல் டாக்டருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் என் தோளில் கை போட்டு, "மனசைப் போட்டு வருத்திக்காதீங்க மூட்டை. மாத்தி வெச்சுட்டீங்க, யாருக்கும் நடக்கிறதுதான்" என்றார். மற்றவர்கள் பாவமாகப் பார்த்தார்கள். ட்யூபுக்கும் சொல்யூஷனுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள் மேடம். தங்கை அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, "உங்க மேல எனக்குக் கோபமே இல்லண்ணா. கை தவறி வந்திருக்கும்" என்றாள்.

ராத்திரி முழுக்க அந்த வார்த்தை காதுக்குள் கிடந்து உறுத்தியது. இத்தனை வருஷத்தில் நான் கட்டிய ஒரு பையில் ஒரு நட்டு மாறியிருக்கிறதா, விசாரித்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றேதான் வைத்தேன். சாவார் என்று தெரிந்தேதான் விட்டுவிட்டு வந்தேன். கொடுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் போடும் முன் நான் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். "கை தவறி" என்று எங்கேயும் வந்துவிடக் கூடாது.