இடிக்கு அணைத்த லேப்டாப்

ஐப்பசி இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை, கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் என் முன் இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் அவள் தம்பியும் இருந்தார்கள்.

"இடி இடிக்குதுன்னு மெயினை அணைச்சிட்டுக் கெளம்புனேன். அதுக்கு துபாய்லேர்ந்து போன் போட்டு உங்க மாமா கத்துறாரு."

"பின்ன? அங்க வாட்சப்ல வீடியோ கால் வராது. வீட்டுல ஓடுற பேட்டரி போன பழைய லேப்டாப் வழியாத்தான பாப்பாவ பாக்குறாரு."

"அது எந்நேரமும் ஓடணும்னு எனக்கென்ன தெரியும்? லினக்ஸு, சொந்த சர்வருன்னு ஏதோ சொன்னாரு."

"எந்தக் கம்பெனி வழியாவும் போகாம, நம்ம வீட்டுப் பேச்சு நம்ம வீட்டுலயே இருக்கட்டும்னு பண்ணுனாரு. இன்னும் புள்ளய நேர்ல பாக்காத மனுஷன்க்கா."

அவள் குழந்தையைப் பார்த்தாள்.

"காலையிலதான் மொத தடவையா குப்புற விழுந்தா. அவருகிட்ட சொல்லவே இல்ல. எறங்குடா, திரும்பிப் போவோம்."

ஆலப்பாக்கத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், மழையில் கடலூர் பேருந்துக்கு நின்றார்கள்.