இடமிருந்து வலம்

…பின்ன என்னம்மா, கேமராவுக்கே பிளாஸ்திரி ஒட்டுவாளாம்! ஒரு போட்டோகிராபர் வீட்டுக்குள்ள வந்து, காயத்துக்குப் போடுற பிளாஸ்திரிய எடுத்து, லேப்டாப்பு கேமரா மேல ஒட்டிட்டுப் போயிருக்கா என் மச்சினி. எனக்கு எப்படி இருந்திருக்கும்? சொல்லுங்க… இல்ல இல்ல, சொல்லாதீங்க, வாய மூடுங்க. பாஸ்போர்ட் சைஸ் படத்துல பல்லு தெரியக் கூடாது. ஸ்டூல்ல நேரா உக்காருங்க. தோள இறக்குங்க… இன்னும் கொஞ்சம்… ஆங். பேரெல்லாம் அப்புறம் சொல்லலாம், கவர் மேல எழுதுறப்போ கேட்டுக்குறேன். இந்தக் குடை லைட்டு ஒரு சனியன், எரியறதுக்குள்ள நம்ம உயிர வாங்கிடும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், பிளாஸ்திரி. மச்சினின்னா என் சம்சாரத்தோட தங்கச்சி. ஸ்கூல்ல கணக்கு டீச்சர். சரி, டீச்சர்னா ஸ்கூலோட நிக்கணும்ல? எங்க வீட்ல சாப்பிட உக்காந்தாலும் பாடம்தான். "மாமா, உங்க பாஸ்வேர்ட் கடை பேரா? உடனே மாத்துங்க." "மாமா, தெரியாதவன் அனுப்புன லிங்க்கத் தொடாதீங்க." "மாமா, நீங்க இருக்குற இடத்த ஃபோன் காட்டிக்கிட்டே இருக்கு, அத அணைச்சு வைங்க." நான் எங்கம்மா இருக்கேன்? விடிஞ்சா கடை, அடைஞ்சா வீடு. என்னை உளவு பாக்க ஒருத்தன உக்கார வெச்சா, பாவம், அவன் தூங்கியே விழுந்துடுவான்! சொல்றாளேன்னு ஒரு தடவ மாத்தினேன். சரக்கு ரயில் மாதிரி நீட்டமா ஒண்ணு. மறுநாளே மறந்து போச்சு. இன்டர்நெட்ல இருக்குற என் கடை பக்கத்துக்குள்ள போக முடியாம நானே திருடன் மாதிரி முழிச்சுக்கிட்டு நின்னேன். போதும்டா சாமின்னு மறுபடி கடை பேரையே வெச்சுட்டேன்.

முன்முடிய கொஞ்சம் அப்படி ஒதுக்கி விடுங்க… சரி, அது நான் எடுக்குறப்போ பாத்துக்கலாம். முதல்ல லைட்டு.

எதுக்கும்மா இந்தப் படம், வேலைக்கா? ஓ… பழைய வேலை என்னாச்சு? மருந்துக்கடையா? நல்ல வேலையாச்சே! அவங்களே அனுப்பிட்டாங்களா? ஏன்? …சரி சரி, சொல்ல வேணாம், எனக்கெதுக்கு. மூஞ்சிய இறுக்காதீங்க, படத்துல அப்படியே விழும்.

நம்ம மைதானத்துல பத்துப் பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு உத்தரவு போட்டானுங்கல்ல? கூடணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணுமாம். நிக்கிறதுக்கு அனுமதி! நாளைக்கு உக்கார்றதுக்கு ஒண்ணு, தும்முறதுக்கு ஒண்ணு வாங்கச் சொல்வானுங்க. எனக்கும் கோபம்தாம்மா. பத்துப் பேருக்கு மேல நிக்கக் கூடாதுன்னா குரூப் போட்டோ எப்படி எடுக்குறது? என் பொழப்புல மண்ணு! அதனால மச்சினி, "ஞாயித்துக்கிழமை நாங்கல்லாம் மைதானத்துல பேசாம போய் நிக்கப் போறோம் மாமா"ன்னு சொன்ன உடனே, "நானும் வரேன், கேமராவோட"ன்னேன்.

அவ மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே! "மாமா, முகம் வேணாம். முதுக எடுங்க. கைய எடுங்க. கைல இருக்குற அட்டைய எடுங்க." முதுகா! ஏம்மா, முதுகெடுக்கவா நான் ஸ்டுடியோ வெச்சிருக்கேன்? அதுக்கு எக்ஸ்ரே எடுக்குறவன்கிட்ட போக வேண்டியதுதானே!

போய்ப் பாத்தா, எல்லாரும் மூக்கு வாயெல்லாம் கைக்குட்டைய கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஊரே சேர்ந்து நாத்தம் புடிச்ச கிணறு தூர்வார வந்த மாதிரி. நானும் மரியாதைக்கு ரெண்டு முதுகு எடுத்தேன். அட்டை எடுத்தேன். மனசு ஒப்பலம்மா. அவ்வளவு அழகா நிக்கிறாங்க, வெயில் சாஞ்சு வருது, அந்த வெளிச்சம் காசு குடுத்தாலும் கிடைக்காது. ஒரு பெஞ்சு மேல ஏறி நின்னு ஒரு சத்தம் குடுத்தேன், "எல்லாரும் இங்க பாருங்க! கைக்குட்டைய இறக்குங்க! ஒரே ஒரு படம், ஞாபகத்துக்கு!" இந்த உலகத்துல போலீஸ் பேச்சக் கேக்காதவன் இருக்கான், டாக்டர் பேச்சக் கேக்காதவன் இருக்கான், புருஷன் பேச்ச… அத விடுங்க. போட்டோகிராபர் பேச்சக் கேக்காதவன் ஒருத்தன் கிடையாது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னேன். இறக்கிட்டாங்க!

மச்சினி மட்டும் "மாமா வேணாம்"னு கத்திக்கிட்டே ஓடி வர்றா. அந்தத் தொறந்த வாயும் படத்துல விழுந்து தொலைச்சுது. அசிங்கமா இருந்துச்சு. அப்புறம் கம்ப்யூட்டர்ல உக்காந்து நான்தான் அவ வாய மூடி விட்டேன்.

சும்மா சொல்லலம்மா, அதுதான் நான் எடுத்ததுலயே உசந்த படம். ஃபோன்ல எடுக்குறானுங்களே, அதெல்லாம் படமா? மூஞ்சி எது, பூசணிக்கா எதுன்னு தெரியாது. என் படத்துல ஒவ்வொரு முகமும் கண்ணாடி மாதிரி. பின்வரிசைல ஒரு பொண்ணு, பயந்தாங்கொள்ளி, அந்த நேரம் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. பாதி நிழல்ல போயிடுச்சு. வேற எவனா இருந்தாலும் விட்டிருப்பான். நான் விடுவேனா? மெனக்கெட்டு உக்காந்து, நிழல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, அந்த முகத்த வெளிய கொண்டு வந்தேன். புருவத்துல இருந்த வெட்டுத் தழும்பு கூடத் தெரியுதுன்னா பாத்துக்குங்களேன்!

அப்புறம் பேரு. பேரு போடாத குரூப் போட்டோ, தலை சீவாத மாப்பிள்ளை மாதிரி. ஸ்கூல் படத்துல போடுறோம்ல, முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை, இடமிருந்து வலம். அதே மாதிரி. எல்லாப் பேரும் எனக்குத் தெரியுமா என்ன? அலைஞ்சு விசாரிச்சேன். அந்தப் பின்வரிசைப் பொண்ணு பேரு ஒருத்தனுக்கும் தெரியல. கடைசில ஒரு டீக்கடைல கேட்டுப் புடிச்சேன். எல்லாத்தையும் கீழ வரிசையா அடிச்சு, இன்டர்நெட்ல நம்ம ஸ்டுடியோ பக்கத்துல போட்டேன். "பிரதி வேண்டுவோர் அணுகவும்"னு. எத்தன பேரு பாத்திருக்காங்க தெரியுமா!

அதுக்கப்புறம்தாம்மா எவனோ காட்டிக் குடுத்துட்டான். ஆமா! போலீஸ் வீடு வீடா வந்து எல்லாரையும் கூப்பிட்டுப் போனாங்க. ஒரு பஸ் டிரைவர் வேலை போச்சு. மச்சினிய ஸ்கூல்ல வர வேணாம்னுட்டாங்க. தினம் காலைல ஸ்டேஷனுக்குப் போறா, சாயங்காலம் வரைக்கும் பெஞ்சுல உக்கார வெச்சு, உன் பின்னாடி யாரு, உன் பின்னாடி யாருன்னு ஒரே கேள்வி. இன்னிக்கும் அங்கதான் இருக்கா. எனக்கு வயிறு எரியுதும்மா. அந்தக் கூட்டத்துல எவன் ஃபோன் வெச்சிருந்தானோ, அவன் நல்லா இருப்பானா?

வீட்டுக்காரி என்னடான்னா என்கிட்ட பேசுறதே இல்ல. சாப்பாட்ட வெச்சுட்டு உள்ள போயிடுறா. நான் என்ன பண்ணேன்? "கடை பக்கத்துலேர்ந்து அந்தப் படத்த எடுத்துடுங்க"ங்கறா. ஏன் எடுக்கணும்? வாசல்ல ஷோகேஸ் இருக்கு, போறவன் வர்றவன் பாக்குறான். இதுவும் ஒரு ஷோகேஸ். அவ்வளவுதானே? மச்சினியாவது திட்டித் தொலைக்கலாம்ல? அதுவும் இல்ல. "மாமா, அவங்கல்லாம் என்னை நம்பி வந்தவங்க"ன்னு ஒரே ஒரு வார்த்த. அழக்கூட இல்ல. அழுதிருந்தா நானும் நாலு வார்த்த திருப்பிப் பேசியிருப்பேன்.

எனக்கு எதுல கோபம் தெரியுமா? ஸ்டேஷன்ல அவகிட்ட காட்டுனது என் படம்தானாம்மா! பெருசா பிரிண்ட் போட்டு மேஜை மேல வெச்சிருக்கானுங்களாம். கேட்டானுங்களா என்னை? கீழ மூலைல என் ஸ்டுடியோ பேரு இருந்துச்சு, அத அழகா வெட்டி எடுத்துட்டானுங்க. திருட்டுப் பயலுங்க! அதுக்கு மேல இருந்த பேர் வரிசைய மட்டும் அப்படியே விட்டு வெச்சிருக்கானுங்க.

லைட்டு வந்துடுச்சு. முன்முடிய ஒதுக்குங்க, புருவம் தெரியணும், இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. என்னம்மா, இவ்வளவு நேரம் நல்லா உக்காந்துட்டு இப்ப தலைய குனியறீங்க? நிமிருங்க. இங்க பாருங்க. ஒண்ணு… ரெண்டு… மூணு. அவ்வளவுதான்!

வாங்க, இப்படி உக்காருங்க, கம்ப்யூட்டர்ல பாக்கலாம். நல்லா வந்திருக்கு… கண்ணுதான் கொஞ்சம் கலங்கின மாதிரி இருக்கு, பரவால்ல, லைட்டு பட்டிருக்கும். இங்க பெருசு பண்றேன். இந்தப் புருவத்துல ஒரு தழும்பு இருக்கே, இத எடுத்துடட்டுமா? நம்மகிட்ட அது ஒரு வேலையே…

…

இருங்க.

இந்தத் தழும்ப… நான்… ஏம்மா… நீங்க அன்னிக்கு…

பின்வரிசை.

இல்லம்மா, உக்காருங்க, ஏன் எழுந்துட்டீங்க? நான் என்ன வேணும்னேவா… ஒரு ஞாபகத்துக்குத்தானேம்மா… அந்த மருந்துக்கடைல நான் வேணா வந்து பேசட்டுமா? நல்ல பொண்ணுன்னு சொல்றேன்… என்ன? இந்தப் படத்தையும் அழிக்கணுமா? அழிச்சிடறேன், இதோ, உங்க கண்ணு முன்னாடியே. போச்சு பாருங்க, போயிடுச்சு. அந்த மைதானத்துப் படத்தையும் எடுத்துடறேன். இப்பவே பக்கத்தத் தொறந்து… அம்மா! வெயில்ல எங்க போறீங்க, ஒரு நிமிஷம் நில்லுங்கம்மா! பேரு கூடச் சொல்லாம…

…சொல்ல வேணாம். உங்க பேரு எனக்குத் தெரியும்மா. நான்தானே தேடிப் புடிச்சு எழுதினேன்.